டிஸ்சார்ஜ் அன்று மதினி எங்கே நின்றார்?

காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகரும்போது போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவார்: "இன்னைக்கு அனுப்பிடலாம்." அந்த நிமிடத்திலிருந்து வீட்டு ஆட்கள் ஓட ஆரம்பிப்பார்கள். ஒருத்தர் பில் கவுண்டருக்கு, ஒருத்தர் மிச்ச ஊசி மருந்தைத் திருப்பிக் கொடுக்க பார்மஸிக்கு, ஒருத்தர் வண்டி பேச. கட்டிலுக்கு அடியில் இருந்த ஒயர் கூடை, பிளாஸ்க், தூக்குவாளி, சுருட்டிய பாய் எல்லாம் வெளியே வரும். பில் வர இரண்டு மணி, இன்சூரன்ஸ் ஓகே ஆக மூன்று மணி, சம்மரி டைப் ஆகி வர நாலு மணி. எல்லோரும் பசியிலும் களைப்பிலும் எப்போதடா கிளம்புவோம் என்று நிற்கும்போது ஒரு சிஸ்டர் வந்து ஐந்து நிமிடம் மாத்திரைகளைப் பற்றிச் சொல்வார். வீட்டில் இனி எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதற்கு நம்மூரில் பெரும்பாலும் கிடைக்கிற மொத்த நேரம் அவ்வளவுதான்.

என் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினோரு நாள் இருந்தார். ஊர் உசிலம்பட்டிப் பக்கம். வலது கையும் காலும் வரவில்லை, பேச்சு குழறியது, விழுங்க முடியாததால் மூக்கு வழியாக ட்யூப் போட்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அனுப்பினார்கள். சிஸ்டர் வந்து விளக்கியபோது கட்டில் பக்கத்தில் நின்றது பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். திருப்பூரில் வேலை. பணம் கட்டியது அவர், கையெழுத்துப் போட்டது அவர். "ட்யூப்ல கொடுக்கும்போது தலைமாட்டைத் தூக்கி வைக்கணும் சார், கொடுத்து முடிச்சு அரைமணி நேரமாவது அப்படியே இருக்கணும், புரிஞ்சுதா?" "புரிஞ்சுது சிஸ்டர்." அவருக்குப் புரியத்தான் செய்தது, அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவர் ஆரப்பாளையத்தில் திருப்பூர் பஸ் ஏறிவிட்டார். பதினோரு நாளும் கூடவே கிடந்த மதினி, சிஸ்டர் பேசிய அந்த ஐந்து நிமிடமும் கீழே பார்மஸி வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டில் கஞ்சி ஊற்றியது மதினிதான். கட்டி தட்டாமல் வடிகட்டி, கையில் விட்டுச் சூடு பார்த்து, அவ்வளவு பொறுப்பாக, பெரியப்பாவை மல்லாக்கப் படுக்கவைத்து ஊற்றினார். ஆஸ்பத்திரிக் கட்டில் தலைப்பக்கம் எப்போதும் சாய்வாகத் தூக்கியே இருந்ததை அவர் தினமும் பார்த்திருக்கிறார். அது அந்தக் கட்டிலின் வாகு என்று நினைத்திருந்தார். வீட்டில் இருந்தது நைலான் நாடாக் கட்டில், அதற்குத் தூக்கவும் இறக்கவும் ஒன்றும் கிடையாது. ஐந்தாம் நாள் காய்ச்சல், நெஞ்சில் கரகரவென்று சத்தம், மறுபடி 108. கஞ்சி மேலேறி மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியா ஆகிவிட்டது என்றார்கள். யார் மேல் கோபப்படுவது என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. சிஸ்டர் சொல்லித்தான் இருந்தார், அண்ணன் கேட்டுத்தான் இருந்தார், மதினி பார்த்துக்கொள்ளத்தான் செய்தார்.

இதில் நான் பிடித்துக்கொண்ட விஷயம் ஒன்றுதான். "குடும்பத்தாரிடம் சொல்லியாச்சு" என்று மருத்துவமனை சொல்லும்போது அந்தக் குடும்பத்தார் யார்? நம்மூரில் அது அநேகமாக, சட்டை பேன்ட் போட்டு, கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்து, பணம் கட்டுகிற ஆண். வீட்டில் பீ மூத்திரம் அள்ளப்போவது, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து புரட்டிப் படுக்கவைக்கப்போவது வேறு ஆள். மனைவி, மருமகள், கல்யாணம் ஆகாத மகள், சில வீடுகளில் பத்தாவது படிக்கிற பேத்தி. சொல்லப்படுகிறவருக்கும் செய்யப்போகிறவருக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளியில்தான் படுக்கைப் புண்ணும், மாத்திரைக் குழப்பமும், பத்து நாளில் திரும்பி வந்து சேருவதும் நடக்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், வெளிநாடுகளில் குடும்பத்தை ஆஸ்பத்திரிக்குள் வரவழைக்கவே சட்டம் போட வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 2014இல் ஓக்லஹோமா மாநிலம் முதலில் கொண்டுவந்து, பிறகு பல மாநிலங்கள் எடுத்துக்கொண்ட ஒரு சட்டம் இருக்கிறது. அதன் சாரம் மூன்று வரியில் அடங்கும்: வீட்டில் பார்த்துக்கொள்ளப்போகிறவர் பெயரை நோயாளியின் பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும், அனுப்புவதற்கு முன்பே அவருக்குத் தகவல் சொல்ல வேண்டும், வீட்டில் செய்ய வேண்டியதை அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அங்கே ஆட்கள் பார்வை நேரத்துக்கு வந்துவிட்டுப் போகிறவர்கள், அதனால் தேவைப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம். நம்மூரில் குடும்பமே வார்டில்தான் குடியிருக்கிறது. அட்டெண்டர் பாஸ் கொடுத்து ஒருத்தரைக் கட்டாயம் கூட இருக்கச் சொல்கிறார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, ரத்தப் பரிசோதனைக் குப்பியை லேபுக்கு எடுத்துப்போவது, ட்ரிப்ஸ் தீரப்போகிறது என்று சிஸ்டரைக் கூப்பிடுவது, துடைத்து விடுவது, பெட்பேன் வைப்பது எல்லாம் அட்டெண்டர் வேலை. இத்தனை வேலைக்கும் வேண்டிய ஆள், அடுத்து என்ன என்று பேசும்போது மட்டும் "கொஞ்சம் வெளியே இருங்கம்மா" ஆகிவிடுகிறார். ரவுண்ட்ஸ் வருகிற நேரத்தில் செக்யூரிட்டி முதலில் வெளியே அனுப்புவதே அவரைத்தானே.

நம் நாட்டில் இதற்குச் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு இடத்தில் ரொம்பத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 98. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. மனநல மருத்துவமனையிலிருந்து ஒருவரை அனுப்பும்போது, சிகிச்சை அளித்த மருத்துவர் அந்த நபரிடமும், அவர் நியமித்த பிரதிநிதியிடமும், போன பிறகு அவர் யாருடன் வசிக்கப்போகிறாரோ அந்தக் குடும்பத்தாரிடம் அல்லது பராமரிப்பவரிடமும், இனி பார்க்கப்போகிற மருத்துவரிடமும் கலந்து பேசித் திட்டம் போட வேண்டும் என்கிறது. "யாருடன் வசிக்கப்போகிறாரோ" என்ற அந்தச் சொற்களைக் கவனியுங்கள். பணம் கட்டுகிறவர், மூத்தவர் என்றெல்லாம் இல்லை, ஒரே கூரைக்குக் கீழே இருக்கப்போகிறவர். இந்தப் பிரிவை எழுதியவர்கள் நம் வீடுகளைப் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மனநலத்துக்கு மட்டும் ஏன் இது வந்தது என்பதற்குப் பதில் தேடி நாம் ரொம்பத் தூரம் போக வேண்டியதில்லை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி வரைக்கும் போனால் போதும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கே ஒரு மனநலக் காப்பகக் கொட்டகையில் பிடித்த தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்களை அன்றைக்கு எல்லோரும் திட்டினார்கள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள அந்தக் குடும்பங்களுக்கு யாராவது எப்போதாவது எதையாவது சொல்லிக் கொடுத்தார்களா என்று கேட்டவர்கள் குறைவு. அந்தத் தீ இந்தியாவில் மனநலச் சட்டம் பற்றிய பேச்சையே மாற்றியது. பக்கவாதம், இடுப்பு எலும்பு முறிவு, புற்றுநோய், இதய ஆபரேஷன் என்று மற்ற நோயாளிகளை அனுப்பும்போது இப்படி உட்கார்ந்து பேச வேண்டும் என்று இவ்வளவு கறாராகச் சொல்கிற பிரிவு இல்லை. தர அங்கீகாரம் வாங்கிய மருத்துவமனைகளில் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும், புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்று விதிகள் உண்டு. அதற்கு ஒரு படிவம், படிவத்தின் அடியில் ஒரு கையெழுத்து. கையெழுத்து போட்டது எங்கள் அண்ணன்.

மருத்துவமனைக்காரர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள், நாம் எல்லோரும் பெரியாஸ்பத்திரி என்று சொல்வது, பழைய ஆட்கள் இன்னமும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்பார்கள். மதுரையோடு நிற்காது, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர், திண்டுக்கல், தேனி என்று சுற்று மாவட்டமெல்லாம் அங்கேதான் வந்து விழும். ஒரு கட்டில் காலியாவதற்கு முன்னாலேயே அந்தக் கட்டிலுக்கு ஆள் காத்திருக்கும். ஒரு சிஸ்டருக்கு எத்தனை நோயாளி என்று எண்ணிப் பார்த்தால், ஐந்து நிமிடம் ஒதுக்கியதே பெரிது என்று தோன்றும். தனியாரில் வேறு கதை, அங்கே நேரத்தைத் தின்பது பில். அதோடு டிஸ்சார்ஜ் சம்மரி என்கிற தாளே நமக்காக எழுதப்பட்டது கிடையாது. அது ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதுகிற கடிதம், இங்கிலீஷில், சுருக்கெழுத்துகளோடு. நாம் தபால்காரர் மாதிரி எடுத்துக்கொண்டு போகிறோம். அந்தக் கடிதத்தை எழுதவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அதோடு கூட மதினிக்கு ஒரு தாள் தமிழில் வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

சரி, அப்படி உட்கார்ந்து பேசினால் என்னதான் பேசுவது? சேர்த்த இரண்டாம் மூன்றாம் நாளே கேட்டுவிட வேண்டிய கேள்விகள் வீட்டைப் பற்றியவை. கேட்க இரண்டு நிமிடம் ஆகாது. மாசி வீதிகளுக்குள்ளே சந்துக்குள் சந்தாகப் போகும் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள், மாடிக்கு ஏறும் படி ஒரு ஆள் ஒருக்களித்து ஏறுகிற அகலம்தான் இருக்கும், கைப்பிடிக்குப் பதில் ஒரு கயிறு தொங்கும். இடுப்பில் ஆபரேஷன் ஆன எழுபது வயது அம்மாவை வாக்கரோடு அங்கே எப்படி ஏற்றுவது? ஸ்ட்ரெச்சர் அந்தச் சந்தில் திரும்பவே திரும்பாது, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்குவார்கள், அதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். மேலூர், பேரையூர் பக்கக் கிராமங்களில் கக்கூஸ் வீட்டை விட்டுத் தள்ளி, தொழுவத்தைத் தாண்டி இருக்கும். அதுவும் குத்தவைத்து உட்காருகிற கோப்பை. "கீழே உட்காரக் கூடாது, சம்மணம் போடக் கூடாது" என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த அம்மா எங்கே போவார்? முன்கூட்டியே சொல்லியிருந்தால் நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்றை வாங்கி வைத்திருப்பார்கள், பழைய மர நாற்காலியை அறுத்துச் செய்து கொடுக்கிற தச்சர் ஊருக்கு ஒருத்தர் இருப்பார். அனுப்புகிற அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குச் சொன்னால் என்ன செய்வார்கள்? ஒன்றும் செய்ய மாட்டார்கள். அந்த அம்மா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார், அடிக்கடி போக வேண்டாமே என்று. நாலு நாளில் நீர்க்கடுப்பு, மலச்சிக்கல். இது எந்த சம்மரியிலும் வராது.

படுத்த படுக்கையாக வருகிறவர்கள் விஷயத்தில் கைப்பழக்கம்தான் எல்லாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். யூரின் பையைக் கட்டில் மேலே தூக்கி வைக்கக் கூடாது, இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும், தரையிலும் படக் கூடாது. வராத கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள் மூட்டு நழுவும். ட்யூபில் கொடுத்து முடித்ததும் தண்ணீர் விட்டு அலச வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். எந்த மாத்திரையைப் பொடித்துக் கரைக்கலாம், எதைக் கரைக்கவே கூடாது என்று கேட்டுக்கொள்ள வேண்டும், மெதுவாகக் கரைவதற்கென்றே செய்த மாத்திரைகள் உண்டு, அதைப் பொடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே மூச்சில் உடம்புக்குள் இறங்கும். இதெல்லாம் காதால் கேட்டுக் கற்கிற விஷயம் இல்லை. சமையல் மாதிரி, பக்கத்தில் நின்று செய்து பழக வேண்டும். வார்டில் இருக்கும் பத்து நாளில் இரண்டு வேளை மதினியையே ஊற்றவிட்டு சிஸ்டர் பக்கத்தில் நின்றிருந்தால் போதும், தனியாக வகுப்பே வேண்டாம்.

மாத்திரை விஷயம் தனி. 1-0-1 என்று எழுதியிருப்பார்கள், காலையில் ஒன்று, மத்தியானம் இல்லை, ராத்திரி ஒன்று. தெரிந்தவருக்கு இது சுலபம். தெரியாதவருக்கு அது நூற்று ஒன்று. "நூத்தியோரு மாத்திரையா?" என்று ஒரு அப்பத்தா கேட்டதை வார்டில் எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை, அந்தம்மா கேட்டது சரியான கேள்விதான். இதைவிடப் பெரிய ஆபத்து பழைய மாத்திரை. வீட்டில் ஏற்கெனவே சுகருக்கும் பிரஷருக்கும் ஒரு டப்பா நிறைய இருக்கும். ஆஸ்பத்திரியில் புதிதாக ஒன்று எழுதுவார்கள், மருந்து ஒன்றுதான், கம்பெனி பெயர் வேறு, நிறம் வேறு. "பழசை நிறுத்துங்க" என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், இரண்டையும் சேர்த்துக் கொடுப்பார்கள். சுகர் இறங்கி ஆள் மயங்கிக் கிடப்பார். அதனால் டிஸ்சார்ஜுக்கு முன்னால் வீட்டில் இருக்கிற மாத்திரை டப்பாவை அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் சிஸ்டர் முன்னால் கொட்டிவிடுங்கள், எது இருக்கணும் எது குப்பைக்குப் போகணும் என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை, வலிப்பு மாத்திரை இரண்டையும் நாமாக நிறுத்தவும் கூடாது, கூட்டவும் கூடாது. இன்சுலின் என்றால் வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்பதையும் சொல்லிவிடுங்கள். மதுரை சித்திரை மாத வெயிலில் அலமாரியில் வைக்கிற பொருள் இல்லை அது.

"புரிஞ்சுதா?" என்ற கேள்வியால் ஒரு பிரயோசனமும் கிடையாது. வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் "புரியலை" என்று சொல்கிற ஆளை நம்மூரில் நான் பார்த்ததில்லை. படித்தவர்களும் தலையைத் தலையை ஆட்டுவார்கள். அதற்குப் பதிலாக, "வீட்டுக்குப் போய் ராத்திரி எந்தெந்த மாத்திரை கொடுப்பீங்க, எடுத்துக் காட்டுங்கம்மா" என்று கேட்டால் ஒரே நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும். திருப்பிச் சொல்லவைக்கிற இந்த முறை உலகம் முழுக்கச் செவிலியர் பயிற்சியில் இருப்பதுதான், புதிதாக எதுவும் இல்லை. சிஸ்டர் கேட்காவிட்டால் நாமே செய்யலாம்: "சிஸ்டர், நான் சொல்றேன், சரியான்னு பாருங்க." யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நான் ஒருபக்கமாக எழுதியதாக ஆகிவிடும். குடும்பத்துக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2017இல் 'லான்செட்' இதழில் வந்தது. பாதிப் பேருடைய குடும்பத்தாருக்கு ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி தொடங்கி, வீட்டுக்குப் போன பிறகும் தொடர்ந்து, பிஸியோ மாதிரி வேலைகளைச் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இறந்தவர்கள், பிறர் துணை இல்லாமல் இருக்க முடியாதவர்கள் கணக்கு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருந்தது, நூற்றுக்கு 47. முதலில் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பிஸியோதெரபிஸ்ட் நாலு வருஷம் படித்துச் செய்கிற வேலையை, ஏற்கெனவே சமைத்து, துவைத்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, நூறு நாள் வேலைக்கும் போய்வருகிற மருமகள் தலையில் கட்டினால் கால் எழுந்து நடந்துவிடாது. குடும்பத்தைக் கலந்து பேசுவது வேறு, குடும்பத்தைச் சம்பளம் இல்லாத சிஸ்டராகவும் பிஸியோவாகவும் ஆக்குவது வேறு. முதலாவதைச் சொல்லிக்கொண்டு இரண்டாவதைச் செய்கிற ஆபத்து எப்போதும் உண்டு, ஆள் பற்றாக்குறை இருக்கிற இடத்தில் இன்னும் அதிகம். அதனால் பேச உட்காரும்போது "நீங்க இதையெல்லாம் செய்யணும்" என்ற பட்டியலோடு நிற்காமல், "உங்களால எது முடியும், எது முடியாது" என்ற கேள்வியும் வர வேண்டும். முடியாது என்று சொல்ல மதினிக்கு ஒரு வாய் வேண்டும்.

முடியாது என்று சொல்ல வாய் இல்லாதபோது குடும்பங்கள் வேறு மாதிரி சொல்கின்றன, எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டிப் போகிறார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் அதை லாமா என்பார்கள், டாக்டர் பேச்சை மீறிப் போவது. கேஸ் ஷீட்டில் ஒரு வரி, ஒரு கைநாட்டு. பின்னால் இருக்கிற காரணத்தைத் தோண்டினால், கையில் காசு தீர்ந்திருக்கும், அறுவடை நேரமாக இருக்கும், வீட்டில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இருக்காது, இல்லாவிட்டால் "இனி ஒண்ணும் இல்லை" என்பதை டாக்டர் சுற்றி வளைத்துச் சொன்னதை இவர்கள் நேராகப் புரிந்துகொண்டிருப்பார்கள். அப்படிப் போகிறவருக்கும் சம்மரியும் மருந்துச் சீட்டும் வாங்க உரிமை உண்டு, அதை விட்டுவிட்டு வராதீர்கள். பில் தகராறுக்காக ஆளைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்திலேயே இருக்கிறது. இன்சூரன்ஸ் உள்ளவர்களுக்கு இன்னொரு தகவல்: டிஸ்சார்ஜ் கோரிக்கை ஆஸ்பத்திரியிடமிருந்து வந்த 3 மணி நேரத்துக்குள் கம்பெனி இறுதி ஒப்புதல் தர வேண்டும், தாமதத்தால் கூடுதல் செலவு ஆனால் கம்பெனி ஏற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அந்த மூன்று மணி நேரத்தைக் கவுண்டர் முன்னால் எல்லோரும் சேர்ந்து நின்று தீர்க்க வேண்டியதில்லை. ஒருத்தர் நின்றால் போதும், பார்த்துக்கொள்ளப்போகிறவர் கட்டில் பக்கத்தில் இருக்கட்டும், சிஸ்டர் எப்போது வந்தாலும் அவர் அங்கே இருக்க வேண்டும்.

நல்ல நேரம் பார்ப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. செவ்வாய்க்கிழமை வேண்டாம், அஷ்டமி வேண்டாம், எமகண்டம் முடியட்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் டியூட்டி டாக்டருக்கு எரிச்சல் வரும். ஆனால் யோசித்தால், அந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான் குடும்பத்தார் டிஸ்சார்ஜ் தேதியில் வாய் திறக்கிறார்கள். கூடுதலாகக் கிடைத்த அந்த ஒரு நாளில் யாராவது உட்கார்ந்து ட்யூபைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தால் எமகண்டத்துக்கு நானே ஒரு தேங்காய் உடைப்பேன்.

நோயாளி என்று ஒருத்தர் இருக்கிறாரே, அவரை விட்டுவிட்டேன். நாமும் அப்படித்தான் விட்டுவிடுகிறோம். குடும்பத்தைக் கூப்பிட்டுப் பேசுவது என்றாலே நம்மூரில் நோயாளிக்குத் தெரியாமல் வராண்டாவில் பேசுவது என்று ஆகிவிட்டது. "அப்பாவுக்குத் தெரிய வேணாம் சார், தாங்க மாட்டார்." அவர் எந்த மகன் வீட்டில் இருக்கப்போகிறார் என்பதை அண்ணன் தம்பிகள் பங்கு பிரிக்கிற மாதிரி, ஆளுக்கு மூன்று மாதம் என்று படிக்கட்டில் நின்று முடிவு செய்வார்கள். பெரியப்பாவுக்குப் பேச்சு குழறியதே தவிரப் புத்தி நன்றாகத்தான் இருந்தது. அவருக்குத் திண்ணையில் படுக்க வேண்டும், தெருவைப் பார்த்துக்கொண்டு. உள்ளறையில் போட்டிருந்தார்கள், ஃபேன் இருக்கிறது என்று. இடது கையால் வாசலைக் காட்டிக்கொண்டே இருந்தார். தண்ணீர் கேட்கிறார் என்று நாங்கள் நினைத்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகு என்ன என்பதில் முன்பைவிட இப்போது கொஞ்சம் பிடிமானம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருவது, படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்புக் கவனிப்பு, பிஸியோதெரபி, வயிற்று வழி டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குப் பைகள் எல்லாம் உண்டு. ஆனால் உங்கள் வீட்டில் ஒருத்தர் ட்யூபோடு வந்து படுத்திருக்கிறார் என்பது அவர்களுக்குத் தானாகத் தெரியும் என்று இருந்துவிடாதீர்கள். சம்மரியை ஒரு நகல் எடுத்துக்கொண்டுபோய் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்துச் சொல்லிவைப்பது நல்லது, முடிந்தால் ஆளைக் கொண்டுவருவதற்கு முன்னாலேயே. ராத்திரி நேரத்தில் சந்தேகம் என்றால் அரசு சுகாதார உதவி எண் 104க்கு அடித்துக் கேட்கலாம். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது வார்டு போன் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள், ரிசப்ஷன் நம்பரைக் கொடுத்தால் போதாது என்று சொல்லுங்கள். என்ன நடந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், மூச்சுத் திணறலா, காய்ச்சலா, தூக்கமாகவே இருப்பதா. "ஏதாவதுன்னா வாங்க" என்பது பதில் இல்லை. அந்த ஏதாவது என்ன என்றுதான் நமக்குத் தெரியாதே.

பெரியப்பா இரண்டாம் முறை ஒன்பது நாள் இருந்தார். இந்தத் தடவை வார்டில் ஒரு வயதான சிஸ்டர், சோழவந்தான்காரர், பேச்சுக்குப் பேச்சு "தாயி" என்பவர். மூன்றாம் நாளே மதினியைக் கூப்பிட்டு, "வீட்டுல என்ன கட்டில் தாயி?" என்று கேட்டார். நாடாக் கட்டில் என்றதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, தலைப்பக்கக் காலுக்கு அடியில் வைக்க இரண்டு ஹாலோ பிளாக் கிடைக்குமா என்றார். கிடைக்கும், பக்கத்து வீட்டில் கக்கூஸ் கட்டி மிச்சம் கிடக்கிறது என்றார் மதினி. அன்று மத்தியானத்திலிருந்து கஞ்சியை மதினிதான் ஊற்றினார், சிஸ்டர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். ஒருதடவை ஊற்றி முடித்ததும் மதினி பழக்கதோஷத்தில் தலையணையை எடுக்கப் போனார், சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார், மதினியும் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். கிளம்புகிற அன்று அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை, கவுண்டரில் நான் நின்றேன். மதினி எங்கேயும் நகரவில்லை.